யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள்: மொத்தப் பக்கேஜ் வாங்கலாமா?

முதல் நாள், ஞாயிறு இரவு

கொழும்பிலிருந்து வந்த பஸ் விடிய ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. பெட்டிகளை எடுத்துக் கீழே வைக்கவில்லை, ஒரு தம்பி வந்து என் கையில் வர்ணத் தாள் ஒன்றைத் தந்தார்.

"அக்கா, மூண்டு நாளில முழு யாழ்ப்பாணமும் பாக்கலாம். ஏசி வான், மத்தியானச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேத்துத்தான்."

ஆளுக்கு 24,000 ரூபாய். இடங்கள் 21. நான், பதினான்கு வயது மகள், கொக்குவிலில் இருக்கும் என் சித்தி என மூன்று பேருக்கு 72,000. வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. போன வருடம் டொரொன்டோவில் இருந்து பெரியப்பாவின் மகன் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது எல்லாருக்கும் பல இடங்களை ஒரே காசில் பார்க்கிற மூன்று நாள் பாஸ் ஒன்று வாங்கினார். பாஸ்களில் மணிக்கணக்கும் உண்டு, நாட்கணக்கும் உண்டு. நாட்கணக்கு என்றால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினாலும் நள்ளிரவோடு ஒரு நாள் கழிந்துவிடும். அது தெரியாமல் அவர்கள் முதல் நாளைப் பின்னேரத்தில் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு நாளும் கொடுத்த காசை மீட்கிற ஓட்டம்தான். லண்டன் டவரில் பிள்ளைகள் காகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க, தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பிள்ளைகளுக்கு எது பிடித்தது என்று கேட்டால், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து டைனோசர் என்றார்கள். அங்கே வாசலில் காசே இல்லை. பிரிட்டிஷ் மியூசியம், நாஷனல் கலரி, டேட் மொடர்ன் எல்லாம் அப்படித்தான். பாஸ் வாங்கினால் காசு கட்டிய இடங்களுக்கே மனம் ஓடும். இலவசமான நல்ல இடங்கள் பின்னுக்குப் போய்விடும்.

பாரிஸில் இருக்கும் மச்சாளும் இப்படி ஒரு பாடம் படித்தார். அங்கே மியூசியம் பாஸ் 48, 96, 144 மணித்தியாலம் என மூன்று வகை. ஐபிள் கோபுரம் அதற்குள் வராது. பாஸ் கையில் இருந்தாலும் லூவருக்கு நேரம் முன்கூட்டியே பதியவேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கோ லூவர் எப்படியும் இலவசம். ஆகவே பெரியவர்களுக்கு அந்த பாஸ் கட்டினாலும், பிள்ளைக்கு என்று தேடிப்போய் வாங்கத் தேவையில்லை.

அதனால் இன்றிரவு விறாந்தையில் இருந்து மகளிடம் ஒரு கொப்பியில் நான்கு கோடு போடச் சொன்னேன். இடம், வாசல் காசு, போக எவ்வளவு நேரம், அங்கே நாங்கள் நிற்க விரும்புகிற நேரம். தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தோம். பாதிக்கு மேல் கோயில், தேவாலயம், கடற்கரை. சித்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கோயிலுக்கு என்னத்துக்குப் பிள்ளை நுழைவுக் கட்டணம்? செருப்பைக் கழட்டிப்போட்டுப் போறதுதானே."

21 இடங்களில் வாசலில் ரிக்கெற் வெட்டும் இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. அப்படியென்றால் இந்த 24,000 எதற்கான காசு? வானுக்கும் சாரதிக்கும் சாப்பாட்டுக்கும். அதையும் குறைவாக நினைக்கக் கூடாது, வெயில் கொளுத்துகிற ஆடி மாதம். ஆனால் தாளின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நேரம் போட்டிருக்கிறது. நல்லூர் 20 நிமிடம். கீரிமலை 30 நிமிடம். பொது நூலகம் 10 நிமிடம், அதுவும் வெளியிலிருந்து.

அந்தப் பத்து நிமிடத்தை வாசித்ததும் எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு பட்டணத்தை நாங்களே பார்ப்போம் என்று முடிவு. அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஆடிப்பிறப்பு முடிந்துபோனாலும் சித்தி எங்களுக்காக இன்று மறுபடி ஆடிக்கூழ் காய்ச்சினார். பனங்கட்டியும் தேங்காய்ச் சொட்டும் பயறும் போட்டு, பிலாவிலையைக் கோலி அதால் அள்ளிக் குடித்தோம். மகள் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள்.

இரண்டாம் நாள், திங்கள்

காங்கேசன்துறை வீதியில் மினிபஸ்ஸை மறித்து ஏறினால் பட்டணம் கொஞ்ச நேரம்தான். எட்டு மணிக்கு முன்னமே கோட்டைக்குப் போய்விட்டோம். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் பிறகு ஐந்து மூலைக் கோட்டையாகப் பெருப்பித்துக் கட்டினார்கள். மதிலில் ஏறிச் சுற்றி நடந்தால் ஒரு பக்கம் பண்ணைக் கடல், மறுபக்கம் பட்டணம். சுவரின் கல்லுக்குள் சிப்பியும் பவளப்பாறையும் அப்படியே தெரிகின்றன. மகள் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்பதரைக்கு மேல் அந்த மதிலில் நிற்க முடியாது, நிழல் என்பதே கிடையாது. பக்கேஜ் தாளில் கோட்டை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போட்டிருக்கிறது. யாராவது அதில் போனால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் கொண்டுபோங்கள்.

மத்தியானம் வீடு திரும்பி, சோறும் மீன் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் சாப்பிட்டுப் படுத்து எழும்பினோம். இந்த வெயிலில் இது முக்கியம். ஊரில் யாரும் இரண்டு மணிக்கு வெளியே திரிவதில்லை, வந்தவர்களும் திரியத் தேவையில்லை.

பின்னேரம் நூலகம். அதற்குள் வாசிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்க்க வருகிறவர்களைப் பின்னேரத்தில் விடுகிறார்கள். காலையில் வரும் வான்கள் ஏன் வாசலோடு திரும்புகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. செருப்பை வெளியே விட்டு உள்ளே போனோம். வெள்ளைச் சுவர், குளிர்ந்த தரை, மேசைகளில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

இந்தக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும். சித்திக்கு அப்போது பதினேழு வயது. க.பொ.த. உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இங்கே இருந்து குறிப்பெடுத்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் இதே ஊரில் இருக்கிறார், எத்தனையோ தரம் இந்த வீதியால் போயிருக்கிறார், ஆனால் திருத்திக் கட்டிய பிறகு உள்ளே வந்தது இன்றுதான் முதல் தரம் என்று வாசலில் வைத்துத்தான் சொன்னார். மேல்மாடியில் ஒரு யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, "எங்கட மேசை இந்தப் பக்கம்தான் கிடந்தது" என்றார். மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம்.

இறங்கி வரும்போது சித்தி சொன்னார்: "அண்டிரவு கொக்குவிலில இருந்தே வானம் சிவப்பாத் தெரிஞ்சது பிள்ளை. என்னெண்டு விளங்கேல்ல. விடியத்தான் தெரிஞ்சது."

கொப்பியில் மகள் நான்காவது கோட்டுக்குக் கீழே "1 மணி 15 நிமிடம்" என்று எழுதினாள்.

பிறகு நல்லூர். இங்கே அர்ச்சனை ரிக்கெற் ஒரு ரூபாய். எத்தனையோ வருடமாக அதே ஒரு ரூபாய்தான். உலகத்தில் நான் வாங்கிய ரிக்கெற்றுகளில் இதைவிடக் குறைந்த விலையில் ஒன்று இல்லை. பூசை மணிக்குப் பூசை நடக்கிற கோயில் இது, ஒரு நிமிடம் பிந்தாது. அதனால் போகிற நேரத்தை வான்காரர் முடிவுசெய்தால் வெறும் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிவரும். பின்னேரப் பூசைக்கு நின்றோம். வெளிவீதி மணலில் இருந்தோம். றியோ கடையில் ஐஸ்கிரீம் குடித்தோம். அவ்வளவுதான் இன்றைக்கு. மூன்று பேருக்கும் பஸ், ஓட்டோ, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குக் கிட்ட.

மூன்றாம் நாள், செவ்வாய்

நேற்றைய உற்சாகத்தில் எல்லா இடமும் பஸ்ஸிலேயே போகலாம் என்று நினைத்துவிட்டேன். இரவு கொப்பியை வைத்துக்கொண்டு பார்த்தபோது பட்டணத்துக்கு வடக்கே உள்ள வலிகாமம் பகுதி மட்டும் ஒத்துவரவில்லை. கந்தரோடை, மாவிட்டபுரம், கீரிமலை, மாதகல், நிலாவரை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பக்கம்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக நேரடி பஸ் இல்லை. சந்திக்கு வந்து, மாறி, காத்திருந்து, கடைசி ஒரு கிலோமீற்றரை வெயிலில் நடந்து போவதென்றால் ஒரு நாளில் இரண்டு இடம்தான் முடியும். சித்திக்கு முழங்கால் நோவும் இருக்கிறது.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓட்டோத் தம்பியைக் கேட்டோம். காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்து வரை 9,000 ரூபாய். பெற்றோல் விலைக்கு அது நியாயம் என்று சித்தி சொன்னார், நானும் பேரம் பேசவில்லை. இந்த ஒரு நாளுக்கு வாகனத்துக்குக் கொடுக்கிற காசு முழுக்கப் பெறுமதியானது. இதை அடித்துச் சொல்வேன்.

கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகள், கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி. அந்தக் காலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மாவிட்டபுரத்தில் கும்பிட்டுவிட்டு நேரே கீரிமலைக்குப் போனோம்.

கீரிமலையில் 30 நிமிடம் என்று எழுதியவர் அங்கே குளித்திருக்கவே மாட்டார். கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர்க் கேணி. உப்புக்கடல் அலை சுவரில் அடிக்க, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெரிய ஆறு ஒன்றும் கிடையாது. மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஓடி, இப்படிக் கரையில் வந்து வெளிப்படுகிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மதில் கட்டிய வேறொரு கேணி. பெண்கள் கேணியில் இறங்கியபோது முதலில் குளிர் பிடித்தது, பிறகு வெளியே வர மனமில்லை. சித்தி சீலையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு இறங்கி, முழங்கால்வரை, இடுப்புவரை, கழுத்துவரை என்று மெல்ல மெல்லப் போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் நீண்டகாலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. அவருடைய பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ஒரு ஆடி அமாவாசைக்குக்கூட இங்கே வர முடியவில்லை. இரண்டு மணித்தியாலம் குளித்தோம். ஓட்டோத் தம்பி ஒரு தரம்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. மர நிழலில் படுத்து நித்திரை கொண்டார்.

அதனால் மாதகலில் சங்கமித்தை வெள்ளரசுக் கன்றோடு வந்திறங்கிய துறை என்று சொல்லப்படும் ஜம்புகோளப் பட்டினத்தை விறுவிறென்று பார்க்கவேண்டியதாயிற்று. நிலாவரையில் மகளுக்கு நல்ல ஆர்வம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப்போக உப்பு. வற்றாத கிணறு, அடி தெரியாத கிணறு என்று ஊரில் சொல்வார்கள். இராமர் அம்பு விட்ட கதையைச் சித்தி சொல்ல, சுண்ணாம்புக்கல் இடிந்து விழுந்து உண்டாகும் குழிகளைப் பற்றி மகள் தன் புவியியல் பாடத்தைச் சொன்னாள். இரண்டையும் ஓட்டோத் தம்பி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வழியில் அவரிடம் பக்கேஜ் தாளைக் காட்டினேன். அவர் முன்பு வெளிநாட்டுக்காரரைத் தெற்கு முழுக்க வானில் கொண்டு திரிந்தவர். "அக்கா, அங்கால வேற கதை. முந்தி அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா எல்லாத்துக்கும் சேத்து ஒரே ரிக்கெற் இருந்தது. அது வாங்கினா வெள்ளைக்காரருக்கு லாபம். இப்ப இல்லை. இஞ்ச என்னத்துக்கு?" என்றார். சரியான பேச்சு. சிகிரியாவில் மட்டும் வெளிநாட்டவர் ஒருவர் 30 டொலருக்கு மேல் கட்டவேண்டும். அப்படி வாசலுக்கு வாசல் காசு கேட்கிற இடத்தில் ஒரே ரிக்கெற் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

நான்காம் நாள், புதன்

தாளில் மூன்றாம் நாளுக்கு "நெடுந்தீவு, நயினாதீவு இரண்டும்" என்று போட்டிருக்கிறது. நாங்கள் இன்று நயினாதீவு மட்டும்.

776 பஸ் யாழ்ப்பாணத்திலிருந்து, தீவுகளுக்குப் படகு எடுக்கிற குறிகட்டுவான் துறைக்குப் போகிறது. யன்னலோரம் கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. பண்ணைத் தாம்போதி தாண்டி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு புங்குடுதீவு. கரையோரம் மீன் பிடிக்க நட்ட களங்கண்டி வலைத் தடிகள். ஆளில்லாத கல்வீடுகள், கூரை போன வீட்டுக்குள் வளர்ந்த ஆலமரங்கள். பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் ஒவ்வொரு வீடும் யாருடையது, இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏசி வானில் யன்னல் சாத்தியிருக்கும், பக்கத்தில் ஆச்சியும் இருக்கமாட்டார்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று பலமாக இருந்தது. நயினாதீவுக்குப் படகு கால் மணித்தியாலம்தான், ஆனாலும் தண்ணீர் தெறித்து நனைந்துதான் போனோம். நாகபூஷணி அம்மன் கோயிலில் மத்தியானப் பூசை கண்டு, அன்னதான மண்டபத்தில் வரிசையில் இருந்து சாப்பிட்டோம். சோறு, பருப்பு, பூசணிக்காய், ரசம். யாரும் எங்கிருந்து வந்தீர்கள் என்றோ ரிக்கெற் எங்கே என்றோ கேட்கவில்லை. இலையில் போட்டுக்கொண்டே போனார்கள்.

அங்கேதான் அந்தப் பக்கேஜில் வந்த குடும்பம் ஒன்றைக் கண்டோம். கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் நெடுந்தீவுக்குப் போய் ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி, இங்கே அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்களாம். அந்த அம்மா சாப்பிட இருந்தவர், அழைப்பு வந்ததும் பாதியில் எழும்பினார். "சாப்பாடு வானில இருக்குதெண்டு சொல்லீனம், ஆனா எனக்கு அம்மாளாச்சியிட சோறு சாப்பிடவேணுமெண்டு ஆசை" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் எத்தனை வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறாரோ.

ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே குடும்பத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா இருந்தார். அவரைப் படகில் தூக்கி ஏற்றி இறக்க இரண்டு பெடியள் கூடவே வந்திருந்தார்கள். அந்த உதவிக்குக் கொடுத்த காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன். தனியாக வந்திருந்தால் அவர் இந்தக் கோயிலைக் கண்டிருக்கவே முடியாது.

ஐந்தாம் நாள், வியாழன்

நெடுந்தீவு. விடிய முதல் பஸ்ஸில் போய்க் காலைப் படகைப் பிடித்தோம். ஒரு மணித்தியாலக் கடல். சித்தி வரவில்லை. நேற்றைய காற்றே போதும் என்றுவிட்டார், அது நல்ல முடிவு. நடுக்கடலில் படகு ஏறி விழுந்த விதத்துக்கு மகள் என் தோளை விடவில்லை. 1985 மே 15இல் இந்தக் கடலில்தான் குமுதினிப் படகில் வந்த ஆட்களைக் கொன்றார்கள். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. பெருக்கமரம் என்கிற பாவோபாப் மரத்துக்கும் குதிரைகளுக்கும் முன்னால் அதைத்தான் நான் மகளுக்குச் சொன்னேன்.

இறங்குதுறையில் சுற்றிக் காட்ட வாகனங்கள் நிற்கும். ஒரு ஓட்டோவுக்கு 5,000 கேட்டார்கள். அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை, தீவு பெரியது, வெயில் கடுமை. பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள்தான் எனக்கு எல்லாவற்றிலும் அழகாகப் பட்டன. சாந்து இல்லை, ஒன்றின்மேல் ஒன்று, வளவுக்கு வளவு. ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் எல்லாம் பார்த்தோம். குதிரைகள் மெலிந்துபோய், காய்ந்த புல்வெளியில் தண்ணீர்த் தொட்டி ஒன்றைச் சுற்றி நின்றன. இது வறண்ட காலம். மழைக்குப் பிறகு வந்தால் பச்சையாக இருக்கும் என்று ஓட்டோ ஓட்டியவர் சொன்னார். பின்னேரப் படகு வரும்வரை கரையில் இருந்து கடலைப் பார்த்தோம்.

இரவு கணக்குப் பார்த்தோம். பட்டணம் 1,500. ஓட்டோ 9,000. நயினாதீவு மூன்று பேருக்கும் பஸ், படகு, காணிக்கை சேர்த்து 2,500. நெடுந்தீவு எங்கள் இருவருக்கும் 7,500க்குக் கிட்ட. மொத்தம் 20,500. சித்தி வீட்டில் தங்கிச் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். ஹொட்டேலில் நிற்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுச் செலவு கூடும். 21 இடங்களில் நாங்கள் பார்த்தது பத்தோ பதினொன்றோ. மிச்சத்தில் மகளுக்கு விருப்பமான இரண்டைத் தவிர எல்லாவற்றையும் அவளே வெட்டிவிட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே லண்டனிலிருந்து ஒரு சிநேகிதி வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் அம்மாவோடு வருகிறாராம், யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு நாள். அம்மாவுக்கு 78 வயது. அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: பக்கேஜ் வேண்டாம், சாரதியோடு ஒரு வானை மட்டும் நாள் வாடகைக்குப் பிடியுங்கள். மூன்று இடத்துக்கு மேல் போகாதீர்கள். காலையில் கீரிமலை, அம்மாவுக்கு மாற்றுடுப்பு கொண்டுபோங்கள். மத்தியானம் ஓய்வு. பின்னேரம் நூலகம், அதிலிருந்து நல்லூர்ப் பூசை. ஆகஸ்டில் திருவிழாக் காலமாக இருந்தால் கோயிலடிக்கு வான் போகாது. இறங்கி நடக்கவேண்டிவரும், அதை முதலிலேயே சாரதியோடு கதைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஓய்வு. சனிக்கிழமை பருத்தித்துறை, 750 பஸ். சித்தியும் வருகிறார். அங்கே வடை வாங்குகிற கடை தனக்குத்தான் தெரியும் என்கிறார்.